இரவல் சில்லு

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருந்த டர்ன்டேபிள் படுத்துக்கொண்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்ட கருவி அது. பொத்தானை அழுத்தினால் தட்டு சுழலத் தொடங்கும். பத்துப் பதினைந்து விநாடி ஒழுங்காக ஓடும். பிறகு ஏதோ வெறி பிடித்ததுபோல வேகமெடுத்து, சட்டென்று நின்றுவிடும். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் பார்த்துத் தேர்ந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் ஐசி போயிடுச்சு சார். இது இப்ப எங்கயும் கிடைக்காது" என்றார். அவர் சொன்னதில் இரண்டாவது பாதி உண்மை. முதல் பாதி பொய் என்று தெரிய எனக்கு எட்டு மாதங்கள் ஆயின.

அந்த எட்டு மாதங்களில் நான் செய்தது இதுதான். அதே மாடலில் இன்னொரு டர்ன்டேபிளைத் தேடிப் பிடித்தேன். பெட்டியில் கீறல்கள், மூடியில் விரிசல். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த அதைப் பிரித்து, அதன் சில்லைப் பெயர்த்து, என்னுடையதில் பொருத்தச் சொன்னேன். (ஆங்கிலத்தில் இப்படிப் பலியாகும் கருவிக்கு 'உறுப்பு தானம் செய்தவர்' என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தானம் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுண்டு. இங்கே அந்தச் சங்கடம் இல்லை.) பழைய சில்லைப் பெயர்க்கும்போது அதன் இரண்டு கால்கள் உடலை ஒட்டி முறிந்தன. எப்படியும் செத்த சில்லுதானே என்று நாங்கள் கவலைப்படவில்லை. புதிய சில்லைப் பொருத்தி ஓடவிட்டபோது தட்டு பத்து விநாடி ஒழுங்காக ஓடி, வெறிபிடித்து, நின்றது.

பழுது மின்வழங்கிப் பகுதியில் உலர்ந்துபோயிருந்த ஒரு மின்தேக்கியில் இருந்தது. விலை சில ரூபாய். சில்லு சாகவே இல்லை; நாங்கள்தான் அதன் காலை ஒடித்தோம். ஆக, இரண்டு டர்ன்டேபிள்களுக்கு ஒரே ஒரு சில்லு என்ற நிலைக்கு நானே கொண்டுவந்து நிறுத்தினேன். பழைய கருவிகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு உலகில் எஞ்சியிருந்தவற்றில் ஒன்றைக் குறைத்தேன்.

இந்தக் கட்டுரை அந்தக் குற்றவுணர்விலிருந்து எழுதப்படுகிறது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் சொல்ல வருவது என் தவறைப் பற்றி மட்டுமல்ல. பழைய டர்ன்டேபிள்களைச் சரிசெய்வதில் இன்று பரவலாக இருக்கும் மனப்போக்கே தவறு என்பது என் கருத்து. அசல் சில்லை எப்படியாவது தேடிப் பிடிப்பதுதான் நேர்மையான பழுதுபார்ப்பு, மாற்றுச் சில்லு என்பது ஒட்டுப்போடுவது என்று நினைக்கிறோம். உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது.

அதற்கு முன் அந்தச் சில்லு என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஐம்பதுகளின் புகழ்பெற்ற சுழலிகளான பிரிட்டனின் காரார்ட் 301, ஸ்விட்சர்லாந்தின் தாரன்ஸ் டிடி 124 போன்றவற்றில் மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழலும். அந்த வேகத்தை ரப்பர் சக்கரமோ வாரோ குறைத்துத் தட்டுக்குத் தர வேண்டும். மோட்டாரின் அதிர்வும் கூடவே வந்து சேரும். 1970-இல் மாட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற தன் பெயரில் எஸ்பி-10 என்ற கருவியை வெளியிட்டது. தட்டும் மோட்டாரும் ஒரே அச்சில். மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ முறை மட்டும் சுழலும். இடையில் வார் இல்லை, சக்கரம் இல்லை. நேரடி இயக்கம் என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவு மெதுவாகச் சுழலும் மோட்டார் தானாகச் சீராக ஓடாது. ஒவ்வொரு கணமும் அதைக் கவனித்து, கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் விடு என்று சொல்ல ஒருவர் வேண்டும். எழுபதுகளின் பிற்பாதியில் அந்த வேலை குவார்ட்ஸ் படிகத்திடம் போனது. படிகம் மாறாத வேகத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணி, வகுத்து, வகுத்து, ஒரு மெதுவான தாளமாக ஆக்கிக்கொள்கிறது சில்லு. தட்டு சுழலும்போது அதன் அடியிலிருந்து இன்னொரு தாளம் வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டு, தட்டு பிந்தினால் மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம், முந்தினால் குறைவு. தாளம் போடுபவரும் பாடுபவரும் போலத்தான். பாடுபவர் சற்றே ஓடினாலும் தொடையில் விழும் கை அவரை இழுத்துப் பிடிக்கும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தட்டின் வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் சுருதி ஏறக்குறைய 17 சென்ட் ஏறும் (அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே சம அளவில் 100 சென்ட்). நம் இசையில் நுட்பமாகக் காதில் விழும் 81/80 என்ற இடைவெளியே 22 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவுதான். அதாவது வேகம் ஒன்றேகால் விழுக்காடு பிசகினால் ஒரு சுருதியின் இடமே நகர்ந்துவிடும். வேகம் நிலையாக மாறியிருந்தாலாவது எல்லாச் சுரங்களும் சேர்ந்து நகரும், தம்புராவும் கூடவே போகும், நமக்குத் தெரியாமலே இருக்கலாம். வேகம் அலைந்தால் தம்புராவே அலையும். அதைவிடக் கொடுமை வேறில்லை. 1979-இல் வந்த எஸ்எல்-1200 எம்கே2 கருவிக்கு அறிவிக்கப்பட்ட அலைவு 0.025 விழுக்காடு. அரை சென்ட்டுக்கும் குறைவு. மனிதக் காதுக்கு அது எட்டாது.

எனவே, 'பழைய ரப்பர் சக்கரமே மேல், எந்தப் பட்டறையிலும் சரிசெய்துவிடலாம்' என்று சொல்லும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எழுபது வயதான காரார்டை ஒரு நல்ல கடைசல்காரர் காப்பாற்றிவிடுவார். என்றாலும் எலக்ட்ரானிக்ஸ் தந்த துல்லியம் உண்மையானது. அதை நாம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. துல்லியத்தைக் கொடுத்தவர்கள் அதன் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் சிக்கல்.

ஒரு சில்லு நின்றுபோவது எப்படி என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடையில் சரக்குத் தீர்ந்தது போன்றதல்ல அது. ஒரு தனிச் சில்லைச் செய்ய அதற்கென்று வரைந்த அச்சுகளின் தொகுதி வேண்டும், அந்தத் தலைமுறைக்கு உரிய ஆலை வேண்டும், பல்லாயிரக்கணக்கில் வாங்குபவர் வேண்டும். ஆலை புதிய தலைமுறைக்கு மாறியபின் பழைய அச்சுகள் இருந்தாலும் பயனில்லை. டெக்னிக்ஸ் எஸ்பி-10 எம்கே2 கருவியில் எம்என்6042 என்றொரு சில்லு உண்டு. மாட்சுஷிடாவே வடிவமைத்து மாட்சுஷிடாவே செய்தது. அந்த நிறுவனம் 2008-இல் பானசானிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் சில்லுத் தொழில் 2020-இல் தைவானின் நுவோடன் நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று ஒருவர் இந்தச் சில்லைப் பற்றி எழுதிக் கேட்க விரும்பினால் எந்த நாட்டுக்குக் கடிதம் போடுவது என்பதே முதல் கேள்வி.

விமானங்களுக்கும் ராணுவத்துக்கும் இந்தத் துன்பம் குறைவு. நின்றுபோன சில்லுகளின் உரிமையைப் பெற்று மீண்டும் செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. விமானத்துக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. இசைத்தட்டுக் கேட்பவர்களின் எண்ணிக்கையை வைத்து யாரும் ஆலையைத் திறக்க மாட்டார்கள்.

சில்லுகளிலும் இரண்டு வகை உண்டு. எண்ணி வகுத்து ஒப்பிடும் சில்லு ஒரு வகை. அதன் வேலையை வெளியிலிருந்து அளந்தே ஊகித்துவிடலாம். இன்னொரு வகை, எண்பதுகளில் பெருகிய நுண்கணினிச் சில்லு. டென்மார்க்கின் பாங் அண்ட் ஓலுஃப்சென் நிறுவனத்தின் பியோகிராம் வரிசையில் இந்த மாற்றத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். 1972-இல் யாக்கோப் யென்சென் வடிவமைத்த பியோகிராம் 4000, இசைத்தட்டின் குறுக்கே நேர்கோட்டில் நகரும் கையைக் கொண்டது. அதற்கு இணையாக இன்னொரு கை முன்னால் போய், தட்டில் உண்மையிலேயே இசைத்தட்டு வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும். வெறுந்தட்டாக இருந்தால் அதன் கறுப்புக் கோடுகள் ஒளியை விட்டுவிட்டுத் திருப்பும், ஊசி இறங்காது. இவ்வளவு 'அறிவும்' நுண்கணினி இல்லாமலேயே சாதிக்கப்பட்டது. சுற்றைப் பின்தொடர்ந்து போகிற பொறுமை இருந்தால் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 1980-இல் வந்த பியோகிராம் 8000-இல் அந்த வேலைகளை நுண்கணினி எடுத்துக்கொண்டது. அழகான கருவி, ஐயமில்லை. ஆனால் இத்தகைய சில்லுகளில் நிரல் ஆலையிலேயே உடலில் பொறிக்கப்பட்டுவிடுகிறது. அதே வகை வெற்றுச் சில்லு எங்காவது கிடைத்தாலும் அதற்குள் எழுத வேண்டியது எதுவென்று நமக்குத் தெரியாது. உடம்பு கிடைக்கும், நினைவு கிடைக்காது.

சட்டம் தடுக்கிறதா? வியப்பாக, பெருமளவு இல்லை. அமெரிக்கா 1984-இல் இயற்றிய சில்லுப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியா 2000-இல் இயற்றிய சட்டமும் ஒரு சில்லின் வரைவமைப்புக்குப் பத்தாண்டு காலப் பாதுகாப்பே தருகின்றன. ஆராய்ந்து அறிவதற்காகப் பிரித்துப் பார்ப்பதை இரண்டுமே அனுமதிக்கின்றன. எழுபதுகளின் சில்லுகளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. உள்ளே இருக்கும் நிரலின் பதிப்புரிமை மட்டும் பல பத்தாண்டுகள் நீளும். மற்றபடி கதவைப் பூட்டி வைத்திருப்பது சட்டம் அல்ல, அலட்சியம். வரைபடங்கள் எங்கோ ஒரு அலமாரியில் இருந்து, அலமாரி இடம்பெயர்ந்தபோது தொலைந்திருக்கும். தொலைவதற்கு முன் வெளியிட்டிருக்கலாம் அல்லவா? உதிரி தருவதை நிறுத்தும் நாளில் அந்தச் சில்லின் விவரத்தை வெளியிடுவது கடமை என்று ஒரு விதி இருந்தால் நிறுவனத்துக்கு என்ன நட்டம்? இனி விற்கப்போவதில்லை என்று அவர்களே சொல்லிவிட்ட பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் ஆணையைக் கொண்டுவந்தது. சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி என்று நீளும் அதன் பட்டியலில் டர்ன்டேபிள் இல்லை. இருந்திருந்தாலும் அது பேசுவது உதிரிகளைப் பற்றி, பழுதுபார்ப்பதைப் பற்றி. உதிரியே செய்ய முடியாமல் போனபின் என்ன செய்வது என்பதை யாரும் பேசவில்லை.

இனி என் மையமான கருத்துக்கு வருகிறேன். அசல் சில்லைத் தேடுவது என்பது இன்று நடைமுறையில் மூன்று விதமாக முடிகிறது. ஒன்று, எங்கோ பயன்படுத்தாமல் கிடந்த பழைய இருப்பு. அது அரிது, அதன் விலையும் அப்படி. இரண்டாவது, குப்பையிலிருந்து பெயர்த்து, மேற்பரப்பைத் தேய்த்து, வேறு எண்ணை அச்சடித்து விற்கப்படும் போலி. மின்னணுச் சந்தையில் இது பெரிய தொழில். மூன்றாவது நான் செய்தது. மூன்றிலும் உலகில் உள்ள சில்லுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. மூன்றாவதில் கருவிகளின் எண்ணிக்கை குறையவும் செய்கிறது.

மாற்று வழி ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன எம்என்6042 சில்லுக்கு மாற்றாக, இன்றைய நிரலேற்றக்கூடிய உதிரிகளைக் கொண்டு ஆர்வலர்கள் சிறிய அட்டைகளைச் செய்திருக்கிறார்கள். பழைய சில்லு இருந்த இடத்திலேயே அது உட்காரும். படிகத்தின் தாளத்தை எண்ணும், வகுக்கும், ஒப்பிடும். மோட்டாருக்கு வேறுபாடு தெரியாது.

'அப்படியானால் அது அசல் டர்ன்டேபிளா?' என்று சேகரிப்பாளர்கள் கேட்பார்கள். ஒரு நல்ல மிருதங்கத்தின் வலந்தலை மூட்டை எத்தனை முறை மாற்றுகிறோம். வார் மாறுகிறது, கரணை மாறுகிறது, தொப்பி மாறுகிறது. பலாக்கட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. யாரும் அது வேறு மிருதங்கம் என்று சொல்வதில்லை. இத்தனைக்கும் நாதம் பிறப்பதே அந்தத் தோலிலும் கரணையிலும்தான். டர்ன்டேபிளின் சில்லுக்கோ நாதத்தோடு தொடர்பே கிடையாது. ஊசி எடுக்கும் ஒலி தனிக் கம்பியில் வெளியே போய்விடுகிறது. சில்லு அதைத் தொடுவதுகூட இல்லை. அது காலத்தை மட்டும் காக்கிறது. கமடோர் 64 கணினியின் ஒலிச் சில்லுக்கு மாற்றுச் செய்பவர்கள் சந்திக்கும் துன்பத்தோடு இதை ஒப்பிட வேண்டும். அங்கே சில்லே வாத்தியம். அதன் குறைகளும் சேர்ந்துதான் அதன் குரல். நகல் ஒருபோதும் முழுதாகப் பொருந்துவதில்லை என்று ரசிகர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நம்முடையதில் அந்தக் குறைக்கு இடமில்லை. தட்டு சரியாகச் சுழல்கிறதா என்பது மட்டுமே கேள்வி, அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அளந்துவிடலாம்.

அளப்பதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம். தட்டின் விளிம்பில் புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு நூறு முறை மின்னும். தட்டில் 180 புள்ளிகள் இருந்து, வேகம் மிகச் சரியாக 33⅓ ஆக இருந்தால் புள்ளிகள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். (45 சுழற்சிக்குக் கணக்குச் சரியாக வகுபடாது. 133⅓ புள்ளி வைக்க முடியாதே! 133 வைத்து, அந்தச் சிறு பிழையோடு வாழ்ந்தார்கள்.)

மிருதங்க ஒப்புமையில் என்னை உறுத்தும் இன்னொன்றும் இருக்கிறது. மூட்டு கட்டத் தெரிந்தவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். தோல் அழியும், செய்முறை அழியாது. சில்லைச் செய்தவர்களுக்கு அப்படி ஒரு பரம்பரை இல்லை. ஆகவே மாற்று அட்டை செய்யும் ஆர்வலர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்களில் சிலரோடு எனக்கு ஒரு பூசல் உண்டு. தம் அட்டையின் நிரலை அவர்களும் மூடி வைக்கிறார்கள். மாதக்கணக்கில் உழைத்தவர் நாலு காசு பார்க்க நினைப்பதை நான் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒற்றை மனிதர் நாளை சலித்துப்போனால், அல்லது இறந்துபோனால், எம்என்6042-க்கு நேர்ந்ததே அதன் மாற்றுக்கும் நேரும். இன்றைய நிரலேற்றும் உதிரியும் ஒரு நாள் நின்றுபோகத்தான் போகிறது. நாம் காப்பாற்ற வேண்டியது சில்லையும் அல்ல, அதன் மாற்றையும் அல்ல. அது என்ன செய்தது என்ற விவரத்தை. எந்தக் காலில் எந்த அலை, எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில். இதைத் தாளில் எழுதி வைத்தால் நாற்பது ஆண்டு கழித்து, இன்று நாம் கற்பனை செய்யாத ஒரு பொருளைக் கொண்டு ஒருவர் அதைத் திரும்பச் செய்வார்.

செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 6502 என்ற பழைய கணினிச் சில்லின் மேலோட்டை நீக்கி, உள்ளிருந்த அமைப்பை நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டராகப் படித்து, அது இயங்குவதைக் கணினித் திரையில் காணும்படி சிலர் 2010-இல் செய்து காட்டினார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒரு டர்ன்டேபிள் சில்லு பாலபாடம். ஆனால் அதற்கும் ஒரு உயிருள்ள கருவி வேண்டும், ஓடும்போது அளப்பதற்கு. எஸ்எல்-1200 போல முப்பது லட்சத்துக்கு மேல் விற்ற கருவிக்கு இந்தக் கவலை இல்லை. டிஸ்கோ மேடைகள் அதைக் காப்பாற்றிவிட்டன. 2010-இல் உற்பத்தி நின்றபோது எழுந்த கூக்குரலில் 2016-இல் டெக்னிக்ஸ் அந்த வரிசையையே திரும்பக் கொண்டுவந்தது. என்னிடம் இருப்பது போன்ற, யாரும் பாட்டுக் கட்டாத மாடல்களின் கதிதான் கேள்வி. இவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அது நிற்பதற்கு முன் அதன் அலைகளை அளந்து எழுதி வைப்பது நல்லது. நின்றபின் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்தேக்கியை, பிறகு பற்றவைப்பு விட்டுப்போன இணைப்புகளை, துரு ஏறிய வேகத் திருகுகளை. சில்லைக் கடைசியில்.

என் இரண்டாவது டர்ன்டேபிள் இன்னும் மேசைமேல் திறந்தபடி இருக்கிறது. சில்லைப் பெயர்த்தபோது அட்டையின் செப்புத் தடங்கள் மூன்று சேர்ந்து உரிந்துவிட்டன. அவற்றுக்குப் பதில் மெல்லிய கம்பி இழுத்திருக்கிறேன். முதல் கருவியில் ஓடிக்கொண்டிருக்கும் சில்லின் பதினாறு கால்களிலும் ஒரு அலைகாட்டியை வைத்து, மாலை மாலையாக அளந்து, கோடுபோட்ட நோட்டில் வரைந்தேன். அதைப் பார்த்து எழுதிய நிரல் ஒன்று, நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு நுண்கணினிச் சில்லில் ஏறியிருக்கிறது. போன மாதத்திலிருந்து தட்டு 33⅓-இல் நிற்கிறது, புள்ளிகள் அசைவதில்லை. 45-க்கு மாற்றினால் பூட்டுப் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைகிறது. நோட்டில் எட்டாவது காலின் அலையை நான் தவறாக வரைந்திருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளக்கிறேன்.